நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

கரமனை,
மார்ச் 2

சிரஞ்சீவி சீனுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்திம்பேருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வீட்டில் அது யாருக்காவது இருக்க வேண்டும் என்பதால் இப்போது எனக்கு ஏறியிருக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி?

மனிதரை விண்வெளிக்கு ஏற்றிப் போகும் பணியில் இருக்கும் உறவினர்கள் பணி விஷயத்தைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ பேசக் கூடாது என்று சர்க்குலர் வந்திருக்கிறது. தபால் என்ற சொல் அதில் இல்லை. தபால் இன்னும் நடக்கிறது என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நாம் இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொள்கிறோம். ஆகவே எந்த விதியையும் மீறாமல் கேட்கிறேன்.

விண்கலத்தின் இடது சீட். ஜனவரியில் எங்கள் எடைப் பிரிவிலிருந்து லாரியில் ஏறும்போது 148 கிலோ 206 கிராம். நானே நிறுத்து, நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரி 28 அன்று உங்கள் ஏவுதளத்தில் நிறுத்தபோது 148 கிலோ 618 கிராம். நடுவில் இருந்தது தொள்ளாயிரம் கிலோமீட்டர் சாலை. சாலையில் போனால் பொருள் தேயும் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டு கிராம். அந்தக் கலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து மேலே போய், திரும்பியும் வர வேண்டும். பெயின்ட் பூச்சுக்கும் திருகாணியில் தடவும் பசைக்கும் கூட என்னிடம் எடை இருக்கிறது. எனக்குத் தெரியாமல் அதில் ஒரு கைக்குட்டை போக முடியாது என்பதுதான் என் உத்தியோகம். செப்டம்பர் 15-க்குள் எடைச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த எடை எதுவென்று தெரியாமல் போட மாட்டேன். நான் போடாவிட்டால் அந்த சீட் கலத்துக்குள் போகாது.

சீட்டின் முதுகுப் பெட்டியை மூடியதற்கான பதிவு அட்டையில் உன் கையெழுத்து இருக்கிறது. அதனால் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

ஜனவரியில் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் வந்ததா? நீ எழுதவே இல்லை.

இப்படிக்கு,
சூடாமணி

*

ஏவுதளக் குடியிருப்பு,
மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சீனுவின் நமஸ்காரம். இடுப்பு பரவாயில்லை. அத்திம்பேரைக் கேட்டதாகச் சொல். இங்கே இப்போதே வெயில் முப்பத்தொன்பது. நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் மிகவும் உபயோகமாக இருக்கிறது.

நார்த்தங்காய் வந்து சேர்ந்தது. அருமை. அதற்குள் பாதி காலி. முன்பே எழுதாதது என் தப்பு. எங்கள் கிரேன் ஆபரேட்டர் பேச்சி, அவர் திருநெல்வேலிக்காரர், வழக்கம்போல அதை விசாரித்தார்.

சீட் விஷயம். நாங்கள் உனக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகப் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. வித்தியாசம் அதனால் இருக்கலாம். பெட்டியை நான்தான் மூடினேன். மூடும்போது வெளியே இருந்து பார்க்க எல்லாம் சரியாக இருந்தது.

உன் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா?

அன்புடன்,
சீனு

*

கரமனை,
மார்ச் 24

சிரஞ்சீவி சீனுவுக்கு,

ஆசீர்வாதம். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. நார்த்தங்காய் கிடைத்ததில் சந்தோஷம்.

பூமியின் மேல் பழி போட்டவன் நீ மட்டும் இல்லை. இங்கே மூன்று பிரிவுத் தலைவர்கள் அதையே சொன்னார்கள். ஐந்து பாகைக்கு 148 கிலோவில் வருகிற வித்தியாசம் 27 கிராம். அதையும் உங்கள் தராசு அங்கேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கப்பட்டதால் ஏற்கெனவே கழித்தாயிற்று. மிச்சத்துக்குப் பூமி பொறுப்பில்லை.

எக்ஸ்ரே பிரிவிடம் கேட்டேன். உள்ளே உலோகம் எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். உலோகம் இல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, அது தங்கள் பிரிவில் வராது என்றும் எழுத்தில் கொடுத்தார்கள்.

சீட்டைத் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்கள் ஆட்கள் பார்த்த அளவுகளை வாங்கிக் கணக்குப் போட்டேன். பாரம் நீ மூடிய முதுகுப் பெட்டிக்குள், இடது மூலையில், ஒரு முழ நீளத்துக்குள் இருக்கிறது. இதற்கு மேல் நெருங்க எனக்கு வழியில்லை. திறந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் துப்புரவுப் பிரிவு, சீட்டின் முதுகில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு ஒன்றை அந்நியப் பொருள் என்று அகற்றி எனக்கு ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறது. ஒரு கிராம். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். படிக்கவில்லை, நிறுத்துவிட்டுப் போட்டுவிட்டோம் என்றார்கள். ஒரு கிராமை விடாத ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு கிராம் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
சூடாமணி

*

ஏவுதளக் குடியிருப்பு,
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். மின்விசிறிதான் நலமில்லை.

பெட்டியைத் திறக்கப் பதினான்கு கையெழுத்து வேண்டும். அதில் மூன்று பதவிகள் காலியாக இருக்கின்றன. காலியான பதவிக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடலாம் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி உண்டு. அதன் தலைவர் பதவி அந்த மூன்றில் ஒன்று.

பேச்சி நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, "நாலு ஸ்க்ரூதான சார். அஞ்சு நிமிசத்துல தெறந்து மூடிருவேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"எங்கக்காவுக்குத் தெரியும்" என்றேன்.

"அவ்வோ திருவனந்தபுரத்துலல்லா இருக்காவ?"

திருகாணியில் புதுப் பசை தடவினால் அரை கிராம் கூடும், அது கரமனையில் தெரியும் என்று விளக்கினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்புடன்,
சீனு

*

கரமனை,
மே 3

சிரஞ்சீவி சீனுவுக்கு,

ஆசீர்வாதம். அத்திம்பேர் சௌக்கியம். என்னைப் பற்றிக் கேட்காதே.

பெட்டியைத் திறப்பது கடினம் என்பதால் கமிட்டி வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. இடது பக்கம் தெரியாத பாரம் இருப்பதால் வலது பக்கம் தெரிந்த பாரம் வைத்துச் சமன் செய்வது. அதன்படி வலது சீட்டுக்குப் பின்னால் நானூறு கிராம் ஈயம் வைத்து மூடி, பதினான்கு கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ஈயத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அது வைப்பதற்கான கையெழுத்து, திறப்பதற்கானது அல்ல என்றார்கள். ஆக, நானூற்றுச் சொச்சம் கிராம் பிரச்சினை எண்ணூற்றுச் சொச்சமாகத் தீர்ந்திருக்கிறது.

அந்த எண்ணூற்றை எங்கே குறைப்பது? பயணிகளின் சொந்தப் பையில். ஆளுக்கு ஒரு கிலோ என்று இருந்ததை 594 கிராம் ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்தியான ஸ்மிதா தன் பையோடு நேற்று என் பிரிவுக்கு வந்தாள். பைக்குள் என்ன என்று நான் கேட்கக் கூடாது, எடையை மட்டும் கேட்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துத் தராசின் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தராசில் வைத்தாள். 60 கிராம். "இது வேண்டாம் மேடம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எடுத்துத் தனியே வைத்தாள். காதில் இருந்த தோட்டையும் கழற்றி நிறுக்கச் சொன்னாள். மூன்று கிராம். போட்டுக்கொள் என்றேன்.

எவனோ வைத்ததற்கு இந்தப் பெண் பையைக் காலி செய்கிறாள்.

இப்படிக்கு,
சூடாமணி

*

கரமனை,
ஜூன் 12

சிரஞ்சீவி சீனுவுக்கு,

ஆசீர்வாதம். மே மாதம் நீ எழுதியது இரண்டு வரி. அதில் ஒரு வரி வெயில்.

செய்தி இருக்கிறது. மாதாமாதம் சீட்டை நிறுக்கச் சொல்லியிருந்தேன் அல்லவா? கூடுதல் எடை பிப்ரவரியில் 412. மார்ச் கடைசியில் 404. ஏப்ரலில் 397. நேற்று முன்தினம் 389. குறைகிறது, சீனு. உலோகம் இப்படிக் குறையாது. பசை போன வருஷமே உலர்ந்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை வெளியிலிருந்தே மாதாமாதம் மாற்றுகிற அந்தப் பெட்டிக்குள் மெதுவாகக் காய்கிற, தண்ணீர் உள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. தின்கிற பொருளாகத்தான் இருக்க வேண்டும்.

இதைக் கமிட்டியில் சொன்னேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஒருவர் உடனே நேர்கோடு போட்டு, நான்கரை வருஷத்தில் எடை பூஜ்யம் ஆகிவிடும் என்று காட்டினார். ஏவுவதை அதுவரை தள்ளிப்போட முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. குறித்துக்கொள்ளச் சொன்னார்கள், குறித்துக்கொண்டேன்.

மனிதர் உட்காருகிற சீட்டுக்குள் தின்பண்டத்தை வைக்கிற புத்திசாலி யார் என்று மட்டும் தெரியட்டும். அந்த ஆளை ஓய்வு பெறும்வரை நான் நிம்மதியாக இருக்க விட மாட்டேன். உன் ஆட்களை விசாரி.

இப்படிக்கு,
சூடாமணி

*

ஏவுதளக் குடியிருப்பு,
ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். ஆறு வாரமாக எழுத முடியவில்லை. வேலை அதிகம். இடுப்பும் கொஞ்சம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு கட்டுக் கையுறையை நான் உள்ளே வைத்ததாக ஞாபகம் வருகிறது. மறந்து மூடியிருக்க வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தப்பை ஒருவர் ஒப்புக்கொண்டால் திறப்பதற்குப் பதினான்கு கையெழுத்து வேண்டாம், ஆறு போதும். எனக்கு ஒரு மெமோ வரும். இந்த வருஷப் பதவி உயர்வு போகும். போகட்டும். நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

திறக்கும்போது நீ வர வேண்டிய அவசியம் இல்லை. இவ்வளவு தூரம், முழங்காலோடு.

நார்த்தங்காய் தீர்ந்துவிட்டது. அருமையாக இருந்தது. ஆனாலும் இனி அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். உனக்குச் சிரமம்.

அன்புடன்,
சீனு

*

கரமனை,
ஆகஸ்ட் 2

சிரஞ்சீவி சீனுவுக்கு,

ஆசீர்வாதம்.

கையுறை காயாது.

ஒரு கட்டுக் கையுறை 180 கிராம். அது மூன்று மாதத்தில் இருபத்து மூன்று கிராம் இளைக்காது. நீ யாரையோ காப்பாற்றுகிறாய். பேச்சியா? வேறு யாராவதா? மற்றவனுக்காகப் பதவி உயர்வை விடுகிற அளவுக்கு உனக்கு யார் அங்கே வேண்டியவர் என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதிக் கொடுத்தால் அது பொய் என்று நான் கமிட்டியில் சொல்ல வேண்டி வரும். சொல்வேன்.

சின்ன வயசிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. இப்போது முயற்சி செய்யாதே. செப்டம்பர் 15-க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

நார்த்தங்காய் அனுப்புவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் இப்போது நல்ல காய் வருகிறது.

இப்படிக்கு,
சூடாமணி

*

கரமனை,
ஆகஸ்ட் 24

சிரஞ்சீவி சீனுவுக்கு,

ஆசீர்வாதம். நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை, இதைப் படி.

மன அழுத்தம் குறைக்க எங்கள் பிரிவை நிர்வாகம் பொன்முடிக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை, கட்டாயம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏற வேண்டும். கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கடையில் கைக்குழந்தையோடு நின்றவன் விஜின். ஞாபகம் இருக்கிறதா? ஜனவரியில் சீட்டோடு லாரியில் வந்தவன். அது அவன் அப்பாவின் கடை. உங்கள் ஏவுதளத்தில் வந்து இறங்கிய அன்றே மனைவிக்குப் பிரசவ வலி என்று போன் வர, அப்படியே திரும்பிவிட்டானாம். பிறகு ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, "மேடம், அந்தப் பொதி சாருக்குக் கிட்டிச்சா?" என்றான்.

கிடைத்தது, அருமை என்று எழுதியிருந்தான் என்றேன்.

"ஹாவூ, சமாதானமாச்சு. நேரே கையில குடுக்கான் பற்றியில்ல, முடியாம போச்சு மேடம். வண்டியில முழுக்க எறும்பு. அதான் சீட்டுக்குப் பின்னால உள்ள பெட்டியில வெச்சேன். அங்கே சிலிக்கா ஜெல் உண்டல்லோ, எறும்பு வராது. ஸ்ரீனிவாசன் சாருக்குன்னு மேலே சீட்டும் ஒட்டினேன்."

டீ கையில் இருந்தது. குடித்தேனா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, நான் கிழிக்காமல் மடித்துவிடுகிற தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். நான் நிறுக்காமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஜனவரி 17-ஆம் தேதித் தாளில் என் கையெழுத்து: "சீனு, நார்த்தங்காய், பையோடு 431." பட்டியலில் இல்லாத பொருள் லாரியில் ஏறக் கூடாது என்ற விதியை எழுதியவள் நான். டிரைவர் பக்கத்துக்கு அது பொருந்தாது என்று அன்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கூரியர் என்றால் ஆறு நாள் ஆகும்.

மாதாமாத எடைகளை வைத்து வளைகோடு வரைந்து பின்னால் நீட்டினேன். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் காய்கிற பொருளின் கோடு. ஜனவரி 17-இல் அது 431-ஐத் தொட்டது. முப்பது வருஷ சர்வீஸில் என் கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப் போனதில்லை.

நாளைக் காலை என் பெயரில் எழுதிக் கொடுக்கிறேன். அதில் உனக்கு வேலை இல்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உனக்கு நார்த்தங்காய் கிடைத்ததா?

சூடாமணி

*

ஏவுதளக் குடியிருப்பு,
ஆகஸ்ட் 31

அக்காவுக்கு,

கிடைக்கவில்லை.

நீ ஆசையாக அனுப்பியது வழியில் தொலைந்துவிட்டது என்று எழுத மனசு வரவில்லை. அதனால் வழக்கம்போல எழுதினேன். ஜூன் கடிதத்தில் "மெதுவாகக் காய்கிற" என்று படித்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆறு வாரமும் வேலை ஒன்றும் இல்லை. இடுப்பும் நன்றாகத்தான் இருந்தது. கையுறை என்று சொன்னால் பெட்டியைத் திறந்து, நீ பார்ப்பதற்குள் பையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மனிதர் போகிற கலத்தில் இருக்கும் கணக்கில்லாத எடை எதுவென்று தெரிந்தும் பத்து வாரம் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். இங்கே என் மேலதிகாரியிடம் இதை நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ மட்டும் மெமோ வாங்க வேண்டாம்.

வழக்கம்போல என்று எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நார்த்தங்காய் பிடிக்காது. எப்போதுமே பிடித்ததில்லை. நான் இங்கே வேலைக்கு வந்த முதல் வருஷம் அனுப்பினாய், அருமை என்று எழுதினேன். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு வந்தது. அதன் பிறகு உண்மையைச் சொல்லச் சரியான வருஷம் வரவே இல்லை. எல்லாம் பேச்சிக்குத்தான் போகும். இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று அவர் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நமஸ்காரத்துடன்,
சீனு

*

கரமனை,
அக்டோபர் 5

சீனுவுக்கு,

அத்திம்பேர் சௌக்கியம். நீ அவரை விசாரித்திருந்தாலும் அது நிஜமா என்று எனக்கு இப்போது தெரியாது என்பதால் நானே சொல்கிறேன்.

நடந்தது உனக்குப் பாதி தெரியும். பெட்டியைத் திறந்து பையை எடுத்தார்கள். 371 கிராம். கெட்டுப் போகவில்லை, பூஞ்சை இல்லை. ஆனால் எடுத்ததும் வலது பக்கத்து ஈயம் பாரமாகிவிட்டது. ஈயத்தை எடுக்கப் பதினான்கு கையெழுத்து, மூன்று வாரம். அதற்குள் தேதி போய்விடும். ஆகவே கமிட்டி மறுபடி கூடி, இடது பெட்டியில் அதே இடத்தில் அதே எடையில் ஒரு பொருள் தேவைப்படுகிறது என்று தீர்மானம் போட்டது. பயிற்சியில் குமட்டலோடு அவதிப்படும் ஸ்மிதா, அந்தப் பொருள் ஏற்கெனவே மேஜை மேல்தானே இருக்கிறது என்று கேட்டாளாம்.

உணவுப் பிரிவு பத்து நாள் சோதித்தது. உப்பு அதிகம் என்று மட்டும் எழுதினார்கள். எனக்கு அதில் அபிப்பிராய பேதம் உண்டு. பையை மாற்றி, உறையில் அடைத்து, எண் கொடுத்து, அதே மூலையில் வைத்துவிட்டார்கள். அது உணவுக் கணக்கில் சேர்ந்ததால் குமட்டல் மாத்திரைப் பெட்டியும் வேறு சில பொட்டலங்களும் குறைந்தன. மிச்சமான எடையைப் பயணிகளின் பைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த 60 கிராம் பொட்டலத்தை ஸ்மிதா திரும்பவும் கொண்டுவந்து நிறுத்துவிட்டுப் போனாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

சான்றிதழில் கையெழுத்து அனந்தலக்ஷ்மி போட்டாள். ஆறு வருஷமாக என் பக்கத்து மேஜை. எனக்கு ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து உரிமை கிடையாது. அவள் பேனாவை எடுப்பதற்கு முன்னால் மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். நல்ல பெண். நான் நான்கு முறை பார்ப்பேன்.

ஆக, என் நார்த்தங்காய் பூமியைச் சுற்றப் போகிறது. அதை நீ தின்னவில்லை என்பதால்.

இருபத்திரண்டு வருஷம், சீனு. எடை தெரியாத பொருளை ஏற்ற மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நீ எழுதின "அருமை" ஒன்றையாவது நான் நிறுத்துப் பார்த்தேனா? இனி நம் கடிதங்களில் உண்மையான எடை மட்டும் இருக்கட்டும். நான் இதுவரை அனுப்பியவை எல்லாம் என்ன ஆயின என்று வரிசையாக எழுது. ஸ்வெட்டரிலிருந்து ஆரம்பி.

சூடாமணி

*

ஏவுதளக் குடியிருப்பு,
அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எனக்குப் பதவி உயர்வு இல்லை. இடுப்பு வலி இருக்கிறது. இரண்டும் உண்மை.

ஸ்வெட்டர் பேச்சியிடம். அவர் தன் மகனுக்குக் கொடுத்தார், அவன் லடாக்கில் இருக்கிறான், மிகவும் உபயோகமாக இருக்கிறதாம். ஆகவே நான் எழுதியதில் பாதி சரி. எள்ளுருண்டை பேச்சியிடம். வேப்பிலைக் கட்டி பேச்சியிடம். முழங்கால் தைலம், எனக்கு எதற்கு என்று அப்போதே புரியவில்லை, அதுவும் பேச்சியிடம். போன வருஷம் வந்த மாவடுவை மட்டும் நான் தின்றேன். அதை அருமை என்று எழுத மறந்துவிட்டேன்.

நேற்று ஸ்டோர்ஸ் தராசு சும்மா இருந்தது. உன் கடிதங்கள் முழுவதையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம், மூன்று கிலோ எண்ணூற்றுப் பத்து கிராம், கயிறு நீங்கலாக.

அதில் எதையும் பேச்சியிடம் கொடுக்கவில்லை.

சீனு